மாமாவின் றிவோல்வரும் மூடியில்லாத தேநீர்ச் சாடியும்

எந்தச் சாமானைக் கண்டாலும் அதன் பெறுமதி தனக்குத் தெரியும் என்று மாமா சொல்லுவார். வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாவின் கடைசித் தம்பி அவர். கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்துகொண்டு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தார். மிச்ச நேரமெல்லாம் நூலகத்திலிருந்து பழம்பொருள் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வருவார். படங்களை அவர் பார்ப்பார், எழுத்தை நான் வாசித்துச் சொல்லவேண்டும். எனக்கு அப்போது பத்து வயது. இரண்டு பேரின் மூளையையும் சேர்த்தால் ஒரு முழு நிபுணர் தேறுவார் என்பது மாமாவின் நம்பிக்கை.

ஸ்ட்ரெதமில் ஒரு தேவாலய மண்டபத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு பழைய சாமான் சந்தை கூடும். அங்கேதான் அதைக் கண்டோம். பின்னல் ஊசிகளோடு உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி, இறந்துபோன புருஷனின் பொருட்களை மேசையில் பரப்பியிருந்தார். கரண்டிகளுக்கும் ஒரு தேநீர்ச் சாடிக்கும் நடுவில், கறுப்பும் நீலமுமாக, பழுத்த நாவற்பழ நிறத்தில் ஒரு றிவோல்வர் கிடந்தது. மாமா என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு நொந்தது.

விருப்பமான சாமானைப் பார்க்கக் கூடாது, பக்கத்துச் சாமானைப் பார்க்க வேண்டும் என்பது மாமாவின் வியாபாரத் தந்திரம். ஆகவே தேநீர்ச் சாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அதற்கு மூடி இல்லை. மூடியில்லாத சாடியை ஒரு மனுஷன் கால்மணி நேரமாகப் பார்ப்பதைக் கண்ட கிழவி, பின்னலை நிறுத்தாமலே, துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

பிறகென்ன, சோதனை தொடங்கியது. உருளையில் உள்ள இலக்கமும் சட்டத்தில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். வேறுபட்டால் இரண்டு துப்பாக்கியைச் சேர்த்துச் செய்த ஒட்டுச் சாமான். கண்ணாடி போட மாட்டாத மாமாவுக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். ஒவ்வொரு இலக்கமாகச் சரிவந்தது. உருளை பிசகாமல் சுழன்றது. பிடியின் மரத்தில் வெடிப்பில்லை. எல்லாவற்றிலும் பெரிய விஷயம் நிறம். தொழிற்சாலையில் ஏற்றிய அந்த நீலம் உரியாமல் இருந்தது. மாமா என் காதுக்குள், "பிள்ளை, இதின்ரை விலை இரும்பிலை இல்லை, தோலிலை" என்றார்.

பக்கத்தில் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்துத் தோட்டா போடுகிற வகை அது. அந்தத் தோட்டாவை இப்போது விற்பனைக்குச் செய்வதில்லை. ஆகவே அலங்காரத்துக்கு வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை. இதை என்னைக்கொண்டு மூன்று புத்தகங்களில் வாசிப்பித்து மாமா உறுதிசெய்திருந்தார். ஆனாலும், கீரைக்கட்டுப் பைக்குள் அதைச் சுற்றி வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து பாதாள ரயிலுக்கு இறங்கும்போது, வாசலில் நின்ற பொலிஸ்காரருக்கு இரண்டு தரம் வணக்கம் சொன்னார். ரசீதைக் கையிலேயே பிடித்திருந்தார். என் கையில் சாடி. வெட்கத்துக்கு அதையும் வாங்கவேண்டி வந்துவிட்டது.

வீட்டில் சாடியைத்தான் முதலில் காட்டினோம். அம்மா மூடி எங்கே என்று கேட்டார். மாமா பதிலுக்குப் பையை அவிழ்த்தார்.

அம்மா ஓரடி பின்னுக்குப் போனார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றார்.

"ஆற்றை இது?"

"ஒருத்தரின்ரையும் இல்லை அக்கா. பழசு. சுடாது."

"என்ரை வீட்டுக்கை இது கிடக்கக் கூடாது, தம்பி."

யாருடையது என்று கேட்டது எனக்கு விசர்க் கேள்வியாகப் பட்டது. காசு கொடுத்து வாங்கினால் வாங்கினவருடையதுதானே. மாமா கெஞ்சி ஒரு மாதத் தவணை வாங்கினார். அடுத்த சந்தைக்குப் பழைய ஆயுதங்களை மதிப்பிடும் ஒருவர் வருவார், அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றார். விலை பெரிதாக வந்தால் அம்மா மனம் மாறுவார் என்று நான் உறுதியாக நம்பினேன். அதுவரைக்கும் றிவோல்வர் படிக்கட்டுக்குக் கீழே இருந்த அலுமாரியில் கிடந்தது. அம்மா தூசு உறிஞ்சும் மெஷினை எடுக்கக்கூட அந்தக் கதவைத் திறக்கமாட்டார். என்னைத்தான் அனுப்புவார். நான் ஒவ்வொரு முறையும் அதன் நீலத்தை ஒருக்கால் பார்த்துவிட்டு வருவேன்.

நவராத்திரி வந்தது. கடைசி நாள் என் புத்தகங்கள், அப்பாவின் வானைக் கிளப்பும் திறப்பு, அம்மாவின் தையல் மெஷின் எல்லாம் சாமித்தட்டடிக்குப் போகும். பள்ளிக்கூடத்தால் வந்து குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். நிலத்தில் கடதாசி விரித்து, குத்துவிளக்குகளைச் சுற்றி வைத்துக்கொண்டு அம்மா குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம் பழப்புளி. அவர் கையில் பழைய பல்லுத் தூரிகை. மடியில் றிவோல்வர்.

அது வெள்ளிக் கரண்டிபோல மினுங்கியது. நாவற்பழ நிறத்தில் ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லை.

"அம்மா, மாமா நிறத்தைத் தொடவேண்டாம் எண்டவர்," என்று நான் அழுவாரைப்போலச் சொன்னேன்.

"சாமிக்கு முன்னாலை ஊத்தையோடயே வைக்கிறது?" என்றார் அம்மா. தேங்காய் எண்ணெய் பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார்.

மாமா வேலை முடிந்து வந்து பார்த்தார். தட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். திருநீறு பூசிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். அதிர்ச்சி என்று நினைத்தேன்.

ஆனாலும் எனக்குள் ஒரு நப்பாசை. மினுங்குகிற சாமானுக்குச் சந்தையில் ஒருவேளை அதிக மதிப்புக் கிடைக்குமோ? ஞாயிற்றுக்கிழமை மதிப்பிடுகிறவர் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தார், பிறகு பாவிக்காமலே கீழே வைத்தார். எதனால் தேய்த்தீர்கள் என்று கேட்டார். புளி என்றார் மாமா. அந்த மனுஷன் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, வாங்கின விலையில் பாதிகூடத் தேறாது என்று மெதுவாகச் சொன்னார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பையில் இருந்து எட்டிப் பார்த்த சாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மூடி இருந்திருந்தால் நல்ல பெறுமதி என்றார்.

பஸ்ஸின் மேல்தட்டில் எனக்கு அழுகை முட்டியது. மாமாவோ சிரித்துக்கொண்டிருந்தார். விலையும் போய், இனி றிவோல்வரும் வீட்டை விட்டுப் போகப்போகிறதே என்றேன்.

"அது இனி எங்கையும் போகாது பிள்ளை. கொம்மா அதைக் கையாலை எடுத்துத் தேய்ச்சிருக்கிறா. மடியிலை வைச்சுத் தேய்ச்சிருக்கிறா."

சொன்னபடியே அது போகவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. பாதி விலை போனதற்கு ஒரு மனுஷன் சந்தோஷப்படுவாரா? கோபத்தில், அம்மா செய்த இன்னொரு பிழையையும் கோள் மூட்டினேன். மற்ற எல்லாச் சாமானையும் சரஸ்வதிக்கு முன்னால் வைத்த அம்மா, றிவோல்வரை மட்டும் தட்டின் மூலையில், அங்கே இருக்கும், பள்ளிக்கூடச் சட்டை போட்ட ஒரு பெடியனின் படத்துக்கு முன்னால் வைத்தார் என்றேன். அந்தப் படத்துக்கு ஏன் எப்போதும் மாலை போட்டிருக்கிறது என்று நான் அதுவரை கேட்டதில்லை. சாமிகளில் அதுவும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஓம், கண்டனான். அது எங்கடை அண்ணை. துவக்கோட போனவர்," என்றார் மாமா. சிரிப்பை நிறுத்திவிட்டு, இறங்கும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.