வரைபடத்திலிருந்து நான் அழித்த ஏரிக்கரை

அந்தப் பறவையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, அது எங்கே வாழ முடியும், எங்கே முடியாது என்று வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டேன். என் வேலை அப்படி. நாவலூரில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில், செயற்கைக்கோள் படங்களை வைத்து நில ஆய்வு செய்து தரும் சின்ன நிறுவனம். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை என்பதால் வீடு அங்கே. காலையில் வேன், சாயந்திரம் வேன், நடுவில் எட்டு மணி நேரம் திரையில் மரங்கள்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற ஒரு சாலையை அகலப்படுத்தும் வேலைக்காக எங்களிடம் ஆய்வு கேட்டார்கள். பிடரியில் தொடங்கி முதுகு வரைக்கும் வெள்ளை இறங்கும் ஒரு பெரிய மரங்கொத்தி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அது கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. மிச்சம் இருக்கிற இடத்தைத் தொடாமல் சாலை போக வேண்டும் என்பது நிபந்தனை. அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்வது என் பொறுப்பு.

வழிமுறை ஒன்றும் பெரிய ரகசியமில்லை. அந்தப் பறவைக்குப் பொந்து குடைய வயதான, பருத்த மரம் வேண்டும். சுற்றிலும் கொஞ்சம் வெட்டவெளி வேண்டும். நிலத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடும். நல்ல இடம் பச்சை, சுமாரான இடம் மஞ்சள், ஆகாத இடம் சாம்பல்.

முதல் வரைபடத்தில் எங்கே பார்த்தாலும் பச்சைப் பொட்டுகள். மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"இது என்னம்மா, அம்மை போட்ட மாதிரி இருக்கு? கொஞ்சம் சுத்தம் பண்ணிக் கொடு."

சுத்தம் பண்ண ஒரு கருவி உண்டு. நாங்கள் அதைச் சல்லடை என்போம். இந்த அளவுக்குக் கீழே உள்ள திட்டுகள் வேண்டாம் என்று ஒரு எண்ணைக் கொடுத்தால், அவற்றையெல்லாம் பக்கத்து நிறத்தோடு கரைத்துவிடும். ஒரு எண்ணைக் கொடுத்தேன். சில நொடிகளில் பொட்டுகள் மறைந்து, இரண்டே இரண்டு பெரிய பச்சைப் பரப்புகள் நின்றன. மலையடிவாரப் புதர்க்காடு ஒன்று, அதற்குக் கிழக்கே அடர்ந்த மரப்பரப்பு ஒன்று. பார்க்க அழகாக இருந்தது. சுவரில் மாட்டலாம் போல இருந்தது என்று நானே நினைத்துக்கொண்டேன்.

நேரில் போய்ச் சரிபார்க்க இரண்டு நாள் ஒதுக்கியிருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. சாலையோரத்து ஏரி நிரம்பி, பாதையெல்லாம் சேறு. படத்திலேயே தெளிவாகத் தெரிகிறதே என்று விட்டுவிட்டோம். அறிக்கை போய்ச் சேர்ந்தது. நானும் மறந்துவிட்டேன்.

தை மாதக் கடைசியில், மாமல்லபுரம் பக்கம் சில குளங்களின் எல்லையை அளக்க ஆபீஸ் காரில் போய்க்கொண்டிருந்தேன். டிரைவர் திருக்கழுக்குன்றத்துக்காரர். ஏரிக்கரையோரம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். கரை நெடுக பழைய புளியமரங்கள், நடுநடுவே இலுப்பை. டீயைக் கையில் வாங்கியபோது அந்தச் சத்தம் கேட்டது. மரத்தில் ஆணி அடிப்பது போல வேகமான தட்டல், பிறகு ஒரு இடைவெளி, மறுபடி தட்டல்.

நிமிர்ந்து பார்த்தேன். பாதி பட்டுப்போன ஒரு புளியங்கிளையில், செங்குத்தாக ஒட்டிக்கொண்டு நின்றது. சிவப்புக் கொண்டை, பொன் நிற இறகு, முதுகில் வெள்ளை. நான்கு மாதத்துக்கு முன் அறிக்கையின் முதல் பக்கத்தில் நான் ஒட்டிய படத்தில் இருந்த அதே பறவை. அது கிளையைச் சுற்றி நகர்ந்து ஒரு பொந்துக்குள் தலையை விட்டது. உள்ளேயிருந்து இன்னொன்று வெளியே பறந்தது. போனை எடுத்து இரண்டு படம் பிடித்தேன். இது உள்ளே போனது.

எனக்கு வந்த சந்தோஷம் பொந்திலிருந்து பார்வை கீழே இறங்கும் வரைதான் இருந்தது. அடிமரத்தில் சிவப்புப் பெயின்டில் எண் போட்டிருந்தார்கள். நாற்பத்தொன்று. பக்கத்து மரம் நாற்பது. அதற்கடுத்தது முப்பத்தொன்பது.

"எதுக்கு நம்பர் போட்டிருக்காங்க?" என்று டீக்கடை அம்மாவிடம் கேட்டேன்.

"ரோடு போடத்தாம்மா. நாளைக்குக் காத்தால வெட்ட வராங்க. மிஷினு நேத்தே வந்து இறங்கிக்கீது."

காரின் பானட்டில் லேப்டாப்பை வைத்துப் பழைய கோப்புகளைத் திறந்தேன். சல்லடை போடுவதற்கு முந்தைய வரைபடத்தில் ஏரிக்கரையை ஒட்டி நூல் மாதிரி ஒரு பச்சைக் கோடு ஓடியது. சல்லடை போட்ட பிறகு அங்கே ஏரியின் சாம்பல் நிறம் மட்டும். ஒற்றை வரிசை மரங்கள் என்பதால், அளவில் சின்னதென்று மென்பொருள் தள்ளிவிட்டது. தள்ளச் சொன்னது நான்.

டிரைவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கிழக்கே இருந்த பெரிய பச்சைப் பரப்பில் விரலை வைத்தார்.

"மேடம், இது இன்னா காடா? இது தைல மரத் தோப்பு. எங்க மாமா வூட்டுக்குப் பின்னாடி கீது. அதுல காக்கா கூட கூடு கட்டாது."

படத்தைப் பெரிதாக்கினேன். கோடு கிழித்தது போல வரிசை வரிசையாக ஒரே வயது மரங்கள். மழைக்காலத்துப் படத்தில் அது அடர்ந்த காடாகத் தெரிந்திருக்கிறது. மரங்கொத்தி குடையவே முடியாத ஒல்லி மரங்களை நல்ல இடம் என்று காப்பாற்றிவிட்டு, அது குடியிருக்கும் கரையைச் சாலைக்குக் கொடுத்திருக்கிறேன். லேப்டாப்பை மூடினேன்.

மேலாளரைக் கூப்பிட்டேன்.

"சார், ஏரிக்கரையில அந்தப் பறவை இருக்கு. ஜோடியா பொந்துல இருக்கு. நம்ம மேப் தப்பு சார்."

அவர் எழுந்து நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினார். "ரிப்போர்ட் போய் நாலு மாசமாச்சும்மா. அதை வச்சுத்தான் மரம் வெட்ட அனுமதியே வாங்கியிருக்காங்க. இப்ப போய்த் தப்புன்னு சொன்னா நாம எங்க நிக்கறது? ஆபீஸ்ல பத்துப் பேர் இருக்கோம்."

"நாளைக்கு வெட்டறாங்க சார்."

"எதையும் எழுத்துல கொடுத்துடாதே. திங்கக்கிழமை உக்காந்து பேசலாம்."

அன்றைக்கு வியாழக்கிழமை.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் கடிதம் அடிக்க உட்கார்ந்தேன். வனச்சரக அலுவலருக்கும் சாலைப் பொறியாளருக்கும், மேலாளருக்கு நகலோடு. கணவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுப் படித்தார்.

"‘பிழை’ன்னு போடாதே. ‘மறு ஆய்வு தேவை’ன்னு போடு. வேலைக்கு ஆபத்து வராது."

அப்படி மாற்றிப் பார்த்தேன். ‘மறு ஆய்வு தேவை’ என்று வந்த கடிதத்துக்காக யார் நாளைக் காலை வேலையை நிறுத்துவார்கள்? அழித்துவிட்டு, ‘வரைபடத்தைத் தயாரித்தவள் நான், இது என் பிழை’ என்று அடித்தேன். அவர் நாற்காலியைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார். ஏழு மணிக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான், காலை பத்து மணிக்கு முன்னால் எந்த அலுவலகத்திலும் அதை யாரும் திறக்கப்போவதில்லை என்பது உறைத்தது.

விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போக டிரைவரிடம் போனில் காரைக் கேட்டபோது தயங்கினார். "ஆபீஸ் வண்டி மேடம். சார் கேட்டா இன்னா சொல்றது?" ஆனால் மறுநாள் காலை நான் முதல் பஸ்ஸில் போய்த் திருக்கழுக்குன்றத்தில் இறங்கியபோது, தன்னுடைய பைக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

ஏரிக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போதே ரம்பச் சத்தம் கேட்டது.

ஏரிக்கரை வரிசை தொடங்கும் முப்பதாவது மரத்திலிருந்து ஆரம்பித்திருந்தார்கள். நாங்கள் போகும்போது நான்கு மரங்கள் கிடந்தன. ஒரு மரத்துக்கு இருபது நிமிஷம் ஆகிறது. நாற்பத்தொன்றுக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று மனம் தன்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டே இருந்தது. மூன்று மணி நேரம் கூட இல்லை. பொந்துப் பக்கம் எந்த அசைவும் இல்லை.

சூப்பர்வைசர் மஞ்சள் ஹெல்மெட் போட்ட நடுத்தர வயதுக்காரர். சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"நிறுத்தச் சொல்லி ஆர்டர் வச்சிருக்கீங்களா மேடம்?"

"இல்லை. மெயில் அனுப்பியிருக்கேன்."

"எனக்கு ஒண்ணும் வரலையே."

"இங்க பறவை இல்லைன்னு மேப் போட்டது நான்தான். தப்பாப் போட்டுட்டேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க தப்பாப் போட்டதுக்கு நான் இன்னா பண்றது? இந்த வரிசை சாயந்திரத்துக்குள்ள முடியணும். இல்லாட்டி எனக்குப் பேஜாரு."

ஐந்தாவது மரமும் விழுந்தது. நின்ற இடத்தில் தரை அதிர்ந்தது. பொந்திலிருந்து ஒரு பறவை கத்திக்கொண்டே வெளியே வந்து ஏரியின் மேல் பறந்து போனது. அடுத்தது, அதற்கடுத்தது என்று மரங்கள் போய்க்கொண்டிருந்தன. ஒன்பது மணியிலிருந்து வனச்சரக அலுவலகத்துக்குப் போன் அடித்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஏழாவது மரம் சாய்ந்ததும் மறுபடி அவரிடம் போனேன்.

"நிறுத்த வேணாம். அந்தக் கோடியிலேருந்து வெட்டிக்கிட்டு வாங்க. அங்க அந்தப் பறவையோட பொந்து இல்லை, பார்த்துட்டேன். எப்படியும் எல்லாத்தையும் வெட்டத்தானே போறீங்க?"

அவர் யோசித்தார். மிஷினை நகர்த்தினால் அரைமணி நேரம் போகும் என்று முணுமுணுத்தார். பிறகு ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

நான் காட்டிய பக்கத்தில் நான்கு மரங்கள் விழுந்தன. அதில் இரண்டு இலுப்பை. ஒன்றில் கிளிகள் இருந்தன. கத்திக்கொண்டு வெளியே வந்த அவற்றைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டேன். டிரைவரும் என்னைப் பார்க்கவில்லை.

பதினொரு மணி வாக்கில்தான் வனச்சரக அலுவலகத்தில் போனை எடுத்தார்கள். சரக அலுவலரே பேசினார், ஒரு பெண்.

"மெயில் இப்பதான் பாக்கறேன். உங்க கண்ணால பாத்தீங்களா? போட்டோ இருக்கா?"

"இருக்கு மேடம். நேத்து எடுத்தது."

"இடத்தோட சேத்து அனுப்புங்க. போனை அந்த சூப்பர்வைசர்கிட்ட கொடுங்க."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். மூன்று தடவை "சரிங்க மேடம்" என்றார். பிறகு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். ரம்பம் நின்றது. அந்த அமைதியில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது போல இருந்தது.

மதியம் சரக அலுவலர் ஜீப்பில் வந்து பொந்தைப் பார்த்தார். என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. "பறவை திரும்பி வருதான்னு பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பார்த்தோம். ஒரு மணி, இரண்டு மணி. வெயில் ஏறியது. டீக்கடை அம்மா கொடுத்த போண்டாவை டிரைவரிடம் தந்துவிட்டேன். மூன்று மணிக்குப் பக்கத்தில், தண்ணீரின் மேல் தாழப் பறந்து சிவப்புக் கொண்டைக்காரன் வந்தான். மரத்தில் ஒட்டி, சுற்றிச் சுற்றிப் பார்த்து, உள்ளே போனான்.

"வந்துச்சு மேடம்! வந்துச்சு!" டிரைவர் என் பையைத் தூக்கிக் காற்றில் ஆட்டினார்.

திங்கட்கிழமை மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். நான் எழுத்தில் கொடுத்ததில்தான் அவருக்குக் கோபம். வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் இந்தச் சாலை விவகாரம் முடிந்ததும், ஆறு மாதம் குடிநீர்க் குழாய் வரைபடங்களில் போடப்போவதாகச் சொன்னார். யாரும் விரும்பி அந்த மேஜைக்கு வரமாட்டார்கள்.

அதற்கு முன், சாலைக்கு மறு ஆய்வு செய்ய உத்தரவு வந்தது. இந்தத் தடவை சல்லடை இல்லை. டிரைவர் டேப்பைப் பிடிக்க, கரை நெடுக நடந்து ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் எடுத்தேன். விழுந்த பதினொன்றுக்கும் அடிக்கட்டையின் மேல் இடம் காட்டும் கருவியை வைத்து இடத்தைக் குறித்தேன். நான் காட்டிக்கொடுத்த நான்கும் அதில் உண்டு. சாலையைத் தைலத் தோப்புப் பக்கம் திருப்பச் சொல்லிப் பரிந்துரை போனது.

பறவைகள் விஷயத்தில் நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. நான்காம் நாள் போனபோது ஒன்றைப் பார்த்தேன். அடுத்த வாரம் பொந்தில் எதுவுமில்லை. குஞ்சு பொரித்துக் கூட்டிப்போய்விட்டதா, சத்தத்துக்குப் பயந்து கைவிட்டுவிட்டதா, தெரியாது. எதிர்க்கரையில் தட்டல் கேட்டதாக டீக்கடை அம்மா சொன்னார். நான் கேட்கவில்லை.

அறிக்கைப் படிவத்தில் ‘கூட்டின் நிலை’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘தெரியவில்லை’ என்று எழுதினேன். மேலாளர் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் பக்கத்தில் நின்றார்.

"இப்படி எழுதினா நல்லா இல்லையேம்மா. ஏதாவது ஒண்ணு போடேன்."

"எனக்குத் தெரியல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்தார். பிறகு அடுத்த பக்கத்துக்குப் போனார்.