வலது சக்கரத்து ஊக்கு

அந்தப் பட்டறையில் பெரிய மருமகனுக்குக் 'காது' என்றுதான் பெயர். வண்டி வாசலில் திரும்பும்போதே எந்தச் சக்கரத்தில் பேரிங் முனகுகிறது என்று சொல்லிவிடுவான். வண்டி கழுவ வந்தவன், தொழில் பழகி, முதலாளியின் மூத்த மகளையும் கட்டிக்கொண்டான். தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயதில் அவனுக்குச் சகலை என்று ஒருவன் வந்து சேர்ந்தான். இளைய மகளைக் கட்டியவன், டிப்ளமோ படித்தவன். கையில் வண்டியின் கோளாறைச் சொல்லும் ஸ்கேனர், வாயில் எந்நேரமும் ஒரு சிரிப்பு. "காது எங்கப்பா?" என்று கேட்டு வந்தவர்கள் இப்போது "சின்னவர் இருக்காரா?" என்று கேட்டார்கள்.

காதுக்கு வயிறு எரிந்தது. சகலைமேல் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காதது அதைவிட எரிச்சல். சாப்பிட உட்கார்ந்தால் மாமியார் யார் தட்டில் முதலில் பரிமாறுகிறார் என்றுகூடக் கண் போனது.

"அவர் தட்டு கிட்ட இருக்கு, போடுறாங்க. இதையெல்லாமா கவனிச்சிட்டிருப்பீங்க?" என்றாள் மனைவி.

மறுநாள் அவன் இடம் மாறி உட்கார்ந்தான்.

மாமனாருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சனிக்கிழமையோடு பட்டறைக்கு வருவதை நிறுத்திக்கொள்வதாகவும், அன்றைக்குச் சாவியை மருமகன்களில் ஒருவரிடம் கொடுக்கப்போவதாகவும் சொல்லியிருந்தார். யாரிடம் என்று மட்டும் வாய் திறக்கவில்லை.

அந்த வாரம் பார்த்து மருந்துக்கடைக்காரம்மாவின் கார் திரும்பி வந்தது. அதன் இடது முன்சக்கரத்துக்குப் பேரிங் மாற்றியவன் சகலை. சத்தம் போய்விட்டது. ஆனால் ஏபிஎஸ் விளக்கு மஞ்சளாக எரிந்து அணைய மறுத்தது.

"சாதாரணமா பிரேக் பிடிக்கும்மா. ஈர ரோட்டுல ஓங்கி மிதிச்சா சக்கரம் இறுகி வழுக்காம பாத்துக்கிறது ஏபிஎஸ். அதுதான் இப்ப வேலை செய்யல" என்று விளக்கினான் சகலை.

இடது முன்சக்கரத்தின் வேகம் வரவில்லை என்றது ஸ்கேனர். புது சென்சார் போட்டுப் பார்த்தான். ஒயரை முனைக்கு முனை சோதித்தான். விளக்கு அசரவில்லை.

"நீங்களும் கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன் சகலை."

"லைட்டு எரியுற சத்தம் எனக்குக் கேக்காதுப்பா."

சொல்லிவிட்டு நகர்ந்தானே தவிர, காதுக்குப் பொறி தட்டியிருந்தது. இந்த மாதிரி பேரிங்கில் ஒரு பக்கத்து மூடிக்குள்ளேயே காந்த வளையம் இருக்கும். அது சுற்றுவதைத்தான் சென்சார் படிக்கிறது. பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு. திருப்பிப் பொருத்திவிட்டால் பேரிங் சுகமாகச் சுற்றும்; சென்சாருக்கு மட்டும் கண் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் சகலை சாப்பிடப் போன நேரம். சக்கரங்கள் தொங்க, கார் லிஃப்டில் உயர நின்றது. காது தன் சட்டையில் பொத்தான் போன இடத்தில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினான். இடது சென்சாரை எடுத்து, அந்தத் துளைக்குள் ஊக்கை நீட்டினான். இழுக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வலது பக்கமும் நீட்டினான். வெடுக்கென்று போய் ஒட்டியது. அந்தச் சந்தோஷத்தை அனுபவிப்பதற்குள் வாசலில் சகலையின் சிரிப்புச் சத்தம். பதற்றத்தில் கை பட்டுச் சக்கரம் சுற்றியது; ஊக்கு விரலுக்கு அகப்படவில்லை. கீழே விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு சென்சார்களை அவசரமாக முடுக்கினான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான்கு பேர் எதிரில் சொன்னால்தானே ருசி?

சாயங்காலம் மாமனாரும் மருந்துக்கடைக்காரம்மாவும் வந்து உட்கார்ந்ததும் சகலை தயங்கித் தயங்கிச் சொன்னான். "எல்லாம் பாத்துட்டேன் மாமா. கன்ட்ரோல் யூனிட்டே போயிருக்கும்னு தோணுது."

செலவை நினைத்து அந்தம்மாவின் முகம் சுருங்கியது.

"யூனிட்டுக்கு ஒண்ணும் இல்ல" என்றான் காது, துணியில் கையைத் துடைத்தபடி. "பேரிங்கைத் திருப்பிப் போட்டிருக்க சகலை. கழட்டிப் பாரு."

கழற்றிய பேரிங்கின், சென்சார் எட்டாத வெளிப்பக்கத்தில் இரும்புத்தூளைத் தூவினார்கள். மீசை மாதிரி ஒட்டிக்கொண்டது. சகலை தலைகுனிவான் என்று காது காத்திருந்தான். அவனோ வாய்விட்டுச் சிரித்தான்.

"எனக்கு இது தோணவே இல்ல. மாமா, பாத்தீங்களா, இருந்த இடத்துலேருந்தே சொல்லிட்டாரு. சகலை காதுக்குக் காந்தமும் கேக்கும் போல."

எல்லோரும் சிரித்தார்கள். காதுக்கு வாயெல்லாம் கசந்தது.

புது பேரிங்கைச் சரியான பக்கம் பார்த்துப் பொருத்தினார்கள். "பெரிய மாப்ளையே ஓட்டிப் பாக்கட்டும்" என்றார் மாமனார். கிளப்பியதும் விளக்கு அணைந்தது. தெருமுனை தாண்டுவதற்குள் மறுபடி எரிந்தது. ஸ்கேனர் இப்போது வலது முன்சக்கரம் என்றது.

"அந்தப் பக்கம் நான் கையே வைக்கலையே" என்றபடி சகலை சென்சாரைக் கழற்றி, இடுக்கியை உள்ளே விட்டான். வளைந்துபோன ஒரு ஊக்கு வெளியே வந்தது. அவன் ஊக்கைப் பார்த்தான். பிறகு காதின் சட்டையில் பிளந்து நின்ற இடத்தைப் பார்த்தான்.

"ரோட்டுல கெடந்தது ஏதோ காந்தத்துல ஒட்டியிருக்கு மாமா" என்று சொல்லி அதைக் குப்பை டின்னில் போட்டான்.

காட்டிக்கொடுத்திருந்தால்கூடக் காது தாங்கியிருப்பான். பெருந்தன்மையிலும் முந்திக்கொண்டானே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

விளக்கு அதன்பின் எரியவில்லை. மருந்துக்கடைக்காரம்மா காரை எடுத்துக்கொண்டு போனார். மாமனார் சாவியைக் கையில் எடுத்தார்.

"மத்தியானமே உங்களுக்குத் தெரியும். இல்லையா மாப்ள?"

காது தலையை மட்டும் அசைத்தான்.

"உங்களுக்குத் தெரிஞ்சதை இவருகிட்ட சொல்ல மாட்டீங்க. இவர் பாத்ததை என்கிட்ட சொல்ல மாட்டாரு. நான் யாரை நம்பி வீட்ல உக்காருறது?" சாவி மறுபடி அவர் சட்டைப்பைக்குள் போனது. "திங்கக்கிழமை நானே வர்றேன். மொதல்ல அந்தச் சட்டைக்கு ஒரு பொத்தான் தைச்சுக்குங்க."

அவர் எழ முயன்றார். ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல வாசலுக்கு நடத்தினார்கள். கிழவர் யார் தோளில் அதிகம் சாய்கிறார் என்று காது பார்த்துக்கொண்டே நடந்தான். சகலை பக்கம்தான் கொஞ்சம் கூடுதல் என்று பட்டது. வலிக்கிற கால் அந்தப் பக்கம் என்பது அவன் நினைவுக்கே வரவில்லை.