பதினாறாவது படம்

1993 ஜனவரி 10, ஞாயிறு. எட்டு மணிக்கு இட்லி. எட்டரைக்கு அப்பா கார்க் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டினார். ஒன்பதுக்கு, நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவே ஊரில் ஓர் ஆன்ட்டி வீட்டு பேஸ்மென்ட்டில் தமிழ் வகுப்பு. எனக்கு எட்டு வயது.

அன்றைய பாடம், தொழில்கள். அதற்காகப் பதினாறு வாட்டர்கலர் படங்களை வரைந்து கொடுத்தனுப்பியவர் என் அம்மா. நேரில் பார்க்காத எதையும் அம்மா வரையமாட்டார். அதனால் உழவர் இல்லை, குயவர் இல்லை. எங்கள் தெருவுக்குக் கடிதம் கொண்டுவரும் பெண்மணியும், என் பல்லைப் பிடுங்கிய, மூக்கில் மச்சமுள்ள மருத்துவரும் இருந்தார்கள். ஆன்ட்டி ஒவ்வொன்றாகக் காட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டே வந்தார்.

பதினாறாவது படத்தில் ஒருவர் பனியில் நின்று யாருடைய காருக்கோ பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார். நியூ ஜெர்சியில் அதை நாமே போட்டுக்கொள்ள முடியாது. அதற்கென்று ஆள் உண்டு. படத்திலிருந்தவர் பழுப்புக் குரங்குக் குல்லாவை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார். இடது காதருகே பச்சை நூல் தையல்.

அந்தத் தையல் அம்மா போட்டது. குல்லா அப்பாவுடையது. ஆனால் அப்பா தினமும் டை கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு அல்லவா போகிறார்?

“இவர் என்ன பண்றார், சொல்லுங்க பார்க்கலாம்?”

“கேஸ் கை!” என்று பின்னாலிருந்து ஒருவன் இங்கிலீஷில் கத்தினான். இங்கே பெட்ரோலுக்கு ‘கேஸ்’, ஆளுக்கு ‘கை’.

“தமிழ்ல சொல்லுடா கண்ணா.”

“கேஸ் ஊத்துற கை!”

எல்லோரும் சிரித்தார்கள். ஆன்ட்டியும் சிரித்தார். பதினொரு மணிக்கு என்னைக் கூட்டிப்போக அப்பா இந்த அறைக்குத்தான் வருவார். அவர் மறைத்ததெல்லாம் ஊரார் முன் சுவரில் இருக்கும்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு ஆன்ட்டி ஜூஸ் எடுக்க மேலே போனார். படத்தைப் பிய்த்துப் பைக்குள் திணித்தேன். டேப்போடு சுவர் பெயிண்டும் உரிந்து வந்தது.

அப்பா வந்து பதினைந்து படங்களையும் நிதானமாகப் பார்த்தார். “அம்மா சூப்பரா போட்டிருக்கா, இல்லம்மா?”

“யா,” என்றேன்.

வீட்டில் அம்மா என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். “எல்லாப் படத்தையும் அப்பா பார்த்தாரா?”

“யெஸ். எவ்ரிதிங்.”

“ஒண்ணுமே சொல்லலையா?”

“நோ.”

அம்மா இதையே மூன்று முறை கேட்டார். அப்பாவை அம்மாவிடமிருந்தும் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். வரைந்தவருக்கு அது தெரியாதா என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குல்லாவுக்குள் இருப்பவரை எங்கள் மூவரைத் தவிர வேறு யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதும் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே, அம்மா என் பையில் லஞ்ச் பாக்ஸை எடுக்கக் கைவிட்டார். கசங்கிய படம் வந்தது. என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அதை நீவி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

அப்பா டையோடு வந்து அதன் முன் நின்றார்.

“தெர்மாஸ்ல காபி ஊத்தித் தரேன், எடுத்துட்டுப் போங்க,” என்றார் அம்மா, திரும்பாமல். “நின்னுட்டே பாக்குற வேலை.”

அப்பா டையைக் கழற்றி, நான்காக மடித்து, மேஜைமேல் வைத்தார்.

சுவர் பெயிண்டுக்கு எப்போது திட்டு விழும் என்று நான் காத்திருந்தேன்.