பத்மாவின் திங்களும் வியாழனும்

1. மணிக்கட்டுக் காயம்

யுத்தகாலத்தில் திருகோணமலை நகரில் ஒரு வைத்தியசாலையின் மருந்து கட்டும் அறையில் எட்டு வருடம் தாதியாக இருந்தேன். ஷெல் பட்ட காயமும் துப்பாக்கிச் சூடு பட்ட காயமும் பார்த்துப் பழகிய எனக்கு, ஒருநாள் காலை வந்த சின்னக் காயம் ஒன்று கடுங்கோபத்தை மூட்டியது.

எழுபத்தைந்து வயதான தம்பிராசா ஐயாவின் வலது மணிக்கட்டில் சுற்றிவரத் தோல் உரிந்து சீழ் வைத்திருந்தது. துணியால் கட்டிவைத்த தடம் என்று பார்த்ததுமே தெரிந்தது. கூட வந்தவர் மகள் பத்மா. நாற்பது வயதிருக்கும். வீட்டில் தையல் வேலை செய்பவர்.

"ஆர் இவரைக் கட்டினது?"

"நான்தான், மிஸ்ஸி."

"மாட்டைக் கட்டுற மாதிரிப் பெத்த தகப்பனைக் கட்டி வைச்சிருக்கிறீர். வெக்கமா இல்லையே?"

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பத்மா தலைகுனிந்தபடி, "கட்டாட்டில் வேலைக்குப் போறார், மிஸ்ஸி" என்றார்.

ஐயா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மறதி நோய் வந்தபின், தான் பென்சன் எடுத்ததே அவருக்கு நினைவில் இல்லை. மகள் கண் அசந்தால் வேலைக்குப் போடும் சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு துறைமுக ரோட்டில் இறங்கிவிடுவார். அங்கே ஆமியின் காவலரண். சிங்களத்தில் நிற்கச் சொல்லிக் கத்தினால் நிற்கமாட்டார், காதும் மந்தம். ஒருமுறை ஆமிக்காரர் ஒருவரே கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

"எல்லாரும் அந்தத் தம்பியைப் போல இருப்பினமே, மிஸ்ஸி?" என்று பத்மா கேட்டார்.

தாய் இல்லை. அண்ணன் கனடாவில். எல்லாம் இவர் ஒருவர்தான். மருந்து கட்டி முடித்தபோது என் குரல் இறங்கியிருந்தது.

"பத்மா, நீங்கள் கடைசியா எப்ப ஒழுங்கா நித்திரை கொண்டனீங்கள்?"

ஏசியபோது அழாதவர் அப்போதுதான் அழுதார். "தெரியேல்ல, மிஸ்ஸி. சில நேரம் அப்பா செத்தால் போதும் எண்டு நினைக்கிறன். பிறகு, இப்பிடி நினைச்சிட்டனே எண்டு நாள் முழுக்கப் பயந்துகொண்டு திரியிறன்."

புண்ணைக் கழுவ எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். இதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

2. லீவு

வரிசையில் ஹனீபா நானாவும் இருந்தார். சீனி வருத்தம் என்கிற நீரிழிவால் காலில் ஆறாத புண். திங்களும் வியாழனும் கிண்ணியாவிலிருந்து 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் வருவார்.

"கிரேன் தம்பிராசாதானே இவரு? தொறமுகத்துல நான் அவருக்கு மேல போமனா இருந்தவன்" என்றார். "புள்ள, மருந்து கட்டினாப் பொறகு பின்னேரம் வரைக்கும் நான் சும்மாதான். ஒங்கட ஊட்டுக்கு வந்து வாப்பாவுக்குத் தொணையா இருக்கன்."

பத்மா மறுத்துவிட்டார். "சனம் என்ன கதைக்கும்? பெத்த தகப்பனைப் பாக்கேலாமல் ஆரோட்டையோ விட்டிட்டாள் எண்டெல்லோ சொல்லும்."

"சனம் வந்து ஒரு மணித்தியாலம் பாக்குமே?" என்றேன். "நீங்கள் விழுந்தால் ஐயாவை ஆர் பாக்கிறது?"

அடுத்த திங்கள் மதியம், டியூட்டி முடிந்து நானாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஐயா சேட்டு மாட்டிக்கொண்டு வாசல் படலையைத் தள்ளிக்கொண்டிருந்தார். பத்மா உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பிராசா, எங்க போறீங்க?" என்று நானா அவர் காதருகே குனிந்து கேட்டார்.

ஐயா நிமிர்ந்து நின்றார். "வேலைக்கு, சேர்."

"இண்டைக்குக் கப்பல் இல்ல. ஒங்களுக்கு லீவு. வாங்க, தேத்தண்ணி குடிப்பம்."

ஐயா கொஞ்சம் யோசித்தார். பிறகு தானாகவே திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

கிடைத்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பத்மா குசினி வாசலில் நின்றார். அவரைப் பக்கத்து வீட்டுக்குப் பிடித்து அனுப்பினேன். வியாழக்கிழமை சொன்னார்: "கிணத்தடியில ஆறுதலாத் தலைமுழுகினனான், மிஸ்ஸி. ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்ல. பிறகு அந்த வீட்டு அக்காட பாயில விழுந்து அப்பிடியே நித்திரையாப் போனன்."

3. பாதை நின்ற நாட்கள்

"போமன் லீவு தந்திருக்கிறார், அப்பா" என்று பத்மாவும் சொல்லப் பழகினார். பாதி நாள் அது எடுபடும். எடுபடாத நாட்களில் அவரோடு கூடவே நடந்து, துறைமுகத்துக்கு மறுபக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்குக் கூட்டிவருவார். கட்டுவதை விட்டுவிட்டார்.

பிறகு சண்டை கூடியதால் பாதைப் படகை நிறுத்தினார்கள். இரண்டு கிழமைக்கு மேலாக நானா வரவில்லை. மறுபடியும் கட்டியிருப்பாரோ என்ற பயத்தில் ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஐயாவோடு இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பத்மாவைக் காணவில்லை.

"கோயிலுக்குப் போட்டா" என்றார் அக்கா. "தானே வந்து கேட்டவ, ரெண்டு மணித்தியாலம் இருங்கோ எண்டு. இவ்வளவு நாளும் வாய் திறந்து கேக்கேல்ல, எங்களுக்கும் தெரியேல்ல."

இரண்டு வருடம் கழித்து ஐயா காய்ச்சலில், தன் கட்டிலிலேயே காலமானார். செத்தவீட்டில் பத்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரம் அப்பாவில எனக்குக் கோவம் இருக்கேல்ல, மிஸ்ஸி" என்றார்.

ஐயாவின் மணிக்கட்டு மூன்று கிழமையில் ஆறிவிட்டது. அது என் வேலை என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவரைக் கூட்டிவந்தவருக்குக் கிழமையில் இரண்டு பின்னேரம் தேடிக்கொடுப்பதும் என் வேலைதான் என்பதை, ஒரு மனிதரை ஊர் பார்க்க ஏசியபின்தான் கற்றுக்கொண்டேன். இன்று தாதியாக வரும் பிள்ளைகள் அதை ஏசாமலே கற்றுக்கொள்ளலாம்.