ரத்தானது யாருடைய பயணம்?

செயலிகளைச் சோதிக்கும் வேலைக்குப் படிப்பைவிடப் பிடிவாதம்தான் அதிகம் தேவை. ஆறாம் வகுப்போடு நின்ற நான், கையுறைத் தொழிற்சாலையில் கையுறைகளில் ஓட்டை தேடிய பழக்கத்தில், எங்கள் ஊர் குனோங் ராபாட்டில் ஒரு சிறிய அலுவலகத்தில் இதைச் செய்கிறேன். திரையில் திடீரென்று எழும் சிறு சன்னல்களிடம் மாட்டி முழித்த உங்களுக்கு என் பாடு புரியும்.

பெயரில்லாத சன்னல்

ரத்தச் சுத்திகரிப்பு நோயாளிகளுக்கு வேன் அனுப்பும் செயலி அது. பட்டியலில் ஒரு பெயரைத் தொட்டால், 'இவருடைய பயணத்தை ரத்து செய்யவா?' என்று சன்னல் பெயரோடு கேட்க வேண்டும். செயலியைத் திறந்ததும் முதல் தடவை தொட்டால் பெயரே வரவில்லை. இருபது முறை செயலியை மூடித் திறந்தேன், இருபதும் அப்படியே. செயலியை எழுதிய சுரேஷிடம் தயங்கிச் சொன்னேன்.

"ரெண்டாவது தடவ பேர் வருதில்லக்கா? அப்ப ஓகேலா!"

அடுத்தவர் பெயர்

இரண்டாவது தடவை வந்த பெயர் யாருடையது என்று பார்த்தேன். பீடோர் ஊர் மாரியம்மாளைத் தொட்டால், அதற்கு முன் தொட்ட பத்து காஜா ஊர் அந்தோணியின் பெயர் வந்தது. 'ஆம்' அழுத்தினால் ரத்தானதும் அந்தோணியின் பயணம்தான்!

அன்று காலைதான் ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் இந்தச் செயலியை உபயோகிக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்நியரிடம் தொலைபேசியில் பேச எனக்கு வராது, அன்று மையத்தை அழைத்துப் பேசினேன். பதிவு செய்யும் பெண் அந்தோணியைச் சும்மா தொட்டு மூடிவிட்டு, வர முடியாத மாரியம்மாளை ரத்து செய்திருக்கிறாள். அந்தோணி வாசலில் காத்திருக்க, வேன் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. 'சன்னலில் வேறு பெயர் இருந்ததே, பார்க்கவில்லையா?' என்று அவளிடம் கேட்டேன்.

"பேர யாரு படிப்பாக்கா? ஆம் அழுத்தறதுதானே!"

ஆளோடு வரும் சன்னல்

வேன் திரும்பிப் போய் இரண்டு மணி நேரம் தாமதமாக அந்தோணியை ஏற்றியது. சுரேஷ் தான் எழுதியதை வரிவரியாகத் திரும்பப் பார்த்தான். சன்னலுக்குப் போகும் 'திற' என்ற கட்டளையும் 'யார்' என்ற தகவலும் தனித்தனியாக இருந்ததால், புதுப் பெயர் வருவதற்குள் சன்னல் பழைய பெயரோடு திறந்துவிட்டதாம். இப்போது தனிக் கட்டளையை எடுத்துவிட்டு, ஆளின் விவரத்தையே சன்னலிடம் கொடுத்தான். ஆள் இல்லையென்றால் சன்னலும் இல்லை.

மன்னிப்புக் கேட்க அந்தோணியை அழைத்தேன்.

"ஏம்மா, நான் வரலன்னு உங்க போன் சொல்லிச்சாமே, எனக்கே ஷாக்லா!"

இருநூறு தடவை தொட்டுப் பார்த்து, தவறில்லை என்று கையெழுத்தும் போட்டுவிட்டேன்; ஆனாலும் பெயரை வாய்விட்டுப் படிக்காமல் என் விரல் இன்றுவரை 'ஆம்' பக்கம் போக மாட்டேன் என்கிறது.