கரவனுக்குள் பதினாறு மாதம்

என் கணவர் ஓய்வுபெற்ற மூன்றாவது கிழமை, வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு சோடியைப் பார்க்கத் தொடங்கினார். நாற்பது வயதுக்குள் இருக்கக்கூடிய வெள்ளைக்காரப் புருசனும் பெண்சாதியும். வீட்டை விட்டுவிட்டு, காருக்குப் பின்னால் ஒரு கரவனை, சில்லுப் பூட்டின சிறு வீட்டை, கொழுவிக்கொண்டு ஆஸ்திரேலியாவைச் சுற்றுகிறவர்கள். ஒவ்வொரு வீடியோவிலும் அவள் கரவன் வாசலில் கால் நீட்டி இருந்து, கடலைப் பார்த்தபடி கோப்பி குடிப்பாள். அவன் கிற்றார் வாசிப்பான். பதினாறு மாதம் அதே வாழ்க்கையை வாழ்ந்து முடித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கோப்பையைக் கழுவின தண்ணீர் எங்கே போனது என்று அவள் ஒரு நாளும் காட்டவில்லை.

"நாங்களும் இப்பிடிப் போவமே?" என்றார் அவர்.

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருடம் ரயில்களுக்கு நேர அட்டவணை போட்டவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதற்கே சனிக்கிழமை பின்னேரம் பாதை பார்க்கிற மனிதர். அவர் வாயில் இருந்து 'நினைச்ச இடத்தில நிக்கலாம்' என்ற வசனம் வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது என் பிழை. சிரித்தால் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

நானும் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்து, அதே வருடம்தான் ஓய்வெடுத்தேன். இருபத்தேழு வருடம் ஊர் பேர் தெரியாதவர்களின் இரத்தத்தையும் சிறுநீரையும் குழாய் குழாயாகப் பார்த்தவள். இனிமேல் மனிதக் கழிவோடு எனக்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை என்று நம்பியிருந்தேன்.

சிட்னியில், நார்த்மீட்டில் இருந்த எங்கள் வீட்டை வாடகைக்குக் கொடுத்தோம். மெல்பேர்னில், கிரான்பர்னில் இருக்கும் எங்கள் ஒரே மகள் போனில் ஆங்கிலத்தில் சொன்னாள்: உங்கள் இரண்டு பேராலும் ஒரு உடுப்பு அலுமாரியையே பங்குபோட முடியாதே, அம்மா. அவள் சொன்னது சரி. ஆனால் பிள்ளைகள் சொல்வது சரியாக இருக்கும்போது ஏற்றுக்கொள்வது கஷ்டம். "அது எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி போனை வைத்தேன்.

கரவன் ஆறு மீற்றர் நீளம். அதற்குள் கட்டில், அடுப்பு, மேசை, அலுமாரி அளவில் ஒரு கழிப்பறை. விற்றவன் அதைத் திறந்து காட்டும்போது, மாளிகையின் கதவைத் திறப்பது போலக் கையை விரித்தான். என் கணவர் தலையை உள்ளே விட்டுப் பார்த்து, "நல்ல விசாலம்" என்றார்.

சிட்னிக்குத் தெற்கே கடற்கரை வழியாக இறங்கினோம். முதலாவது கரவன் பார்க்கிலேயே எனக்கு எங்கள் வாழ்க்கையின் உண்மை நிலவரம் விளங்கிவிட்டது. கரவனை அதற்குரிய இடத்தில் பின்பக்கமாக ஓட்டி நிறுத்த வேண்டும். கார் ஒரு பக்கம் திரும்பினால் கரவன் மற்றப் பக்கம் திரும்பும். இவர் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு கத்துவார். நான் பின்னால் நின்று கையைக் காட்ட வேண்டும்.

"வலப்பக்கம் எண்டால் உம்மட வலமோ என்ர வலமோ?"

"மரத்துக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்!"

"எந்த மரம்?"

இந்தக் காட்சியைப் பார்ப்பதற்கென்றே மற்றக் கரவன்காரர்கள் மடிக்கிற கதிரைகளை வெளியே எடுத்துப் போட்டு, கையில் பியரோடு உட்காருவார்கள். பின்னேரம் நாலு மணி என்றால் அவர்களுக்கு அதுதான் நாடகம். உதவிக்கு ஒருவரும் எழும்ப மாட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு, "நல்லாச் செய்தாய்" என்று அவருக்கு மட்டும் சொல்வார்கள்.

பக்கத்துக் கரவன் பெண்ணொருத்தி எனக்குச் சட்டதிட்டம் விளக்கினாள். கரவன் வாழ்க்கையில் பெண்களுக்குப் பிங்க் வேலை, ஆண்களுக்குப் புளூ வேலை என்று இரண்டு இருக்கிறதாம். சமையல், கூட்டுதல், உடுப்புத் தோய்த்தல் பிங்க். ஓட்டுதல், கொழுவுதல், கழிவு சேருகிற கழிப்பறைப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொட்டுதல் புளூ. ஒன்பது வருடமாக ஊர்சுற்றுகிறவள், ஐம்பது வருடத்துக்கு முந்தின கதையைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். என் கணவருக்கு அந்தப் பிரிப்பு மிகவும் பிடித்துவிட்டது. அட்டவணை என்றால் அவருக்கு அப்படி ஒரு ஆசை. ஆனால் மழை பெய்தால் மட்டும் அந்தப் பெட்டி மெல்ல மெல்லப் பிங்க் நிறத்துக்கு மாறிவிடும்.

சமையலிலும் அவர் ஒரு சட்டம் போட்டார். மீன் பொரித்தால் கட்டில் மணக்குமாம், தாளித்தால் திரைச்சீலை மணக்குமாம். ஆகவே நான் வெளியே, குளிர்காற்றில், தடித்த ஜக்கெட் போட்டுக்கொண்டு, காற்றில் அணைந்து அணைந்து எரியும் அடுப்பில் குழம்பு வைத்தேன். போகிற வருகிற எல்லோரும் மூக்கைத் தூக்கி, "ஆகா, என்ன வாசம்!" என்பார்கள். கோப்பையில் போட்டு நீட்டினால் இப்போதுதான் சாப்பிட்டோம் என்று நடப்பார்கள். வாசம் மட்டும் போதுமாம் அவர்களுக்கு.

இவ்வளவுக்கும் நான் வாட்ஸ்அப்பில் படம் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். சூரிய உதயம், பெலிக்கன் பறவை, வெறுங்கால் மணல். நார்த்மீட் சிநேகிதிகள் 'குடுத்து வைச்சனீர்' என்று எழுதினார்கள். அந்தச் சூரிய உதயங்களில் பாதிக்கு மேல், கழிப்பறைப் பெட்டியோடு வரிசையில் நின்றபோது எடுத்தவை. அதை நான் எழுதவில்லை. அந்த வீடியோப் பெண்ணை நக்கலடிக்கிற எனக்கு, அவளைவிட ஒரு அங்குலமும் உயர்ந்தவள் என்று சொல்லத் தகுதி இல்லை.

ஈடன் என்ற கரையோர ஊரில் ஆறு நாள் தொடர் மழை. ஆறு மீற்றருக்குள் இரண்டு பேர். ஒருவர் எழும்பினால் மற்றவர் இருக்க வேண்டும். அவர் மூச்சு விடுகிற சத்தம்கூட எனக்கு எரிச்சல் தந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் தேத்தண்ணி வடியை எங்கே வைத்தேன் என்பதில் தொடங்கிய சண்டை, முப்பது வருடக் கதையெல்லாம் சுற்றிக்கொண்டு வந்து நின்றது. கோபித்துக்கொண்டு வெளியே போகலாம் என்று கதவைத் திறந்தேன். மழை முகத்தில் அடித்தது. திரும்ப மூடிவிட்டு, கோபத்தோடு அதே கட்டிலில் வந்து இருந்தேன். அவருக்குப் பக்கத்தில்தான். வேறு இடம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "கடைசி நாள் ஒபிசில கேக் வெட்டினவங்கள். அதில என்ர பேரைப் பிழையா எழுதியிருந்தது."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"முப்பத்தொரு வருசம். பிறகு ஒருத்தனும் ஒரு போன் எடுக்கேல்லை. வீட்டில இருந்தால் வாறவை எல்லாம், இப்ப என்ன செய்யிறியள், இப்ப என்ன செய்யிறியள் எண்டு கேப்பினம். கரவனில சுத்திறன் எண்டால் ஒரு மறுமொழி இருக்குதானே."

இதுதான் எங்கள் சுதந்திரப் பயணத்தின் மூலகாரணம். ஒரு கேக். எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இதை நார்த்மீட் வரவேற்பறையில் வைத்துச் சொல்லியிருக்கலாமே, மனிதா. சொல்லாமல் என்னை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தாயே. ஆனால் அந்த வரவேற்பறையில் அவர் சொல்லியிருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அங்கே எழும்பி வேறு அறைக்குப் போகலாம்.

அங்கிருந்து விக்ரோரியா மாநிலத்துக்குள் புகுந்து, பல ஊர் சுற்றி, ஷெப்பார்ட்டனுக்குக் கிட்ட ஒரு பழத்தோட்ட ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு ஒரு துணிவு இருந்தது. எவ்வளவு சத்தமாகச் சண்டை பிடித்தாலும் தமிழ் என்றபடியால் ஒருவருக்கும் விளங்காது. அந்தத் துணிவில் கடற்கரையெல்லாம் அவரை நான் திட்டாத திட்டு இல்லை. அன்றும் கரவனைப் பின்னுக்கு எடுக்கும்போது, "உங்களுக்கு மூளை எண்ட சாமான் கிடக்குதோ?" என்று உச்சக் குரலில் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பின்னால் இருந்து ஒரு ஆண் குரல்: "அக்கா, குறை நினைக்காதேங்கோ. அண்ணை ஸ்ரியரிங்கை மற்றப் பக்கம் ஒடிக்கோணும்."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், பழம் பொதி செய்யும் ஷெட்டின் மஞ்சள் ஜக்கெட்டோடு, பக்கத்துச் சிறு கபின் படியில் நின்றார். அவர் கையைக் காட்ட, கரவன் இரண்டே திருப்பத்தில் உள்ளே போனது.

தேத்தண்ணிக்குக் கூப்பிட்டோம். படகில் அகதியாக வந்தவர். அந்தக் கபினில் எட்டு வருடமாக இருக்கிறார். தற்காலிக விசாவில் குடும்பத்தைக் கூப்பிட முடியாது. வன்னியில் மனைவியும் மகளும். விட்டுவிட்டு வரும்போது மகளுக்கு ஒரு வயது. இப்போது சோதனைக்குப் படிக்கிறாளாம்.

"சண்டை எல்லாம் கேட்டிருக்கும். மன்னிச்சுக் கொள்ளும் தம்பி," என்றேன்.

"ஏன் அக்கா மன்னிப்பு? நீங்கள் வந்து இறங்கினதில இருந்து கேட்டுக்கொண்டுதான் நிண்டனான். நல்லா இருந்தது." அவர் கோப்பையைப் பார்த்துச் சிரித்தார். "மனுசி என்னோட போனில சண்டை பிடிக்க மாட்டா. தூர இருக்கிற மனுசனோட என்னத்துக்கு எண்டு விட்டிடுவா. எனக்கு அதுதான் கவலை."

நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

பிறகு அவர் கேட்டார்: "உங்களுக்கு சிட்னியில வீடு இருக்கெண்டு அண்ணை சொன்னவர். பிறகேன் இதுக்குள்ள இருக்கிறியள்?"

"ஒரு சுதந்திரம்தான்," என்றார் என் கணவர்.

"ஓம் அண்ணை. அதுவும் தேவைதானே."

அதில் கிண்டல் ஒரு துளியும் இல்லை. கிண்டல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சுதந்திரம் என்ற சொல்லை என் கணவர் அதற்குப் பிறகு நான் கேட்கும்படி ஒரு நாளும் பாவிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, கழிப்பறைப் பெட்டியை இழுத்துத் தூக்கியபோது என் கணவருக்கு நாரி பிடித்து, இடுப்பை அசைக்க முடியாமல் போனது. அப்படியே புல்லில் சரிந்தார். ஊர் டொக்டர் ஊசி போட்டு, இரண்டு மாதத்துக்கு ஓட்டவோ தூக்கவோ கூடாது என்றார். கிரான்பர்னுக்கு மகளிடம் போவதைத் தவிர வழி இல்லை. அந்தக் கபின் தம்பி வேலைக்குப் போகமுதல் வந்து கரவனைக் கொழுவி, லைற் எல்லாம் எரிகிறதா என்று பார்த்து, "மெல்லப் போங்கோ அக்கா" என்றார்.

நான் ஓட்டினேன். அறுபது வயதுக்கு இரண்டு குறைவு, பின்னால் இரண்டு தொன், மெல்பேர்னுக்குக் கிட்ட வரவர இரண்டு பக்கமும் லொறிகள். ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். பக்கத்தில் இவர், இரண்டு தலையணைக்கு நடுவில் படுத்தபடி, ரயில் கட்டுப்பாட்டு அறையில் இருப்பது போல.

"லேன் மாறும். இப்ப மாறும். ஏன் மாறேல்லை?"

அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தினேன். "இன்னொரு சொல்லுக் கதைச்சியளெண்டால் பின்னால கரவனுக்குள்ள படுக்கப் போட்டிட்டு ஓட்டுவன்."

"அது சட்டப்படி பிழை."

"தெரியும்."

கிரான்பர்ன் வரை அவர் வாய் திறக்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக அப்படி ஒரு அமைதியோடு நான் அதற்கு முதல் ஓட்டியதில்லை. மகளின் வீட்டுக்கு முன்னால் கரவனை நிறுத்தும்போது தபால்பெட்டியைச் சரித்துவிட்டேன். அவள் ஓடி வந்து பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கட்டிப்பிடித்தாள்.

வீட்டுக்குள் ஒரு அறை சும்மா கிடந்தது. இவர் உள்ளே வர மாட்டேன் என்றார். மகள் வீட்டு வாசலில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், கரவனுக்குள் படுத்துக்கொண்டு, தான் இன்னும் பயணத்தில் இருப்பதாகப் போனில் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டுக் கிழமை. அயலவர் ஒருவர், அந்தச் சாமான் எப்போது போகும் என்று பெயர் போடாமல் கடிதம் எழுதி, நிமிர்த்தி வைத்த தபால்பெட்டிக்குள் போட்டார். கேட்ட கேள்வி நியாயமானதுதான்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நாரி சுகமானதும் திரும்ப வெளிக்கிட்டோம். இந்த முறை நான் கேட்டுத்தான். ஓட்டுவது எனக்குப் பிடித்துவிட்டது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், அவருக்காகத்தான் என்று சொன்னேன். தூக்குகிற வேலையெல்லாம் என்னிடம் வந்தது. சமையல் அவரிடம் போனது. முதல் மாதம் சோறு அடிப்பிடித்தது, பருப்பு உப்புக் கரித்தது. பிறகு அவர் வைத்த சொதி நான் வைப்பதைவிட நன்றாக வந்தது. அதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. அவர் மீன் பொரித்தபோது கட்டில் மணக்கவில்லையாம். எப்படி என்று கேட்டேன். ஜன்னலைத் திறந்தால் சரியாம்.

இன்னும் ஏழு மாதம் அப்படிப் போனது. ஒரு காலை, பாண் வாட்டிக்கொண்டு நின்றவர் திரும்பாமலே சொன்னார்: "எனக்கு ஒரு கதவு வேணும். பூட்டக்கூடின கதவு."

"எனக்கும்," என்றேன்.

மூன்று கிழமையில் கரவனை மெல்பேர்னிலேயே விற்றோம். வாங்க வந்த பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உண்மையைச் சொல்லுங்கள், சந்தோசமாக இருந்தீர்களா என்று கேட்டாள். இருந்தோம் என்றும் சொல்ல வாய் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. ஓட்டுவதற்கு நீயும் பழகு என்று மட்டும் சொன்னேன். அவள் அதை ஒரு பகிடியாக எடுத்துக்கொண்டு புருசனைப் பார்த்துச் சிரித்தாள்.

நார்த்மீட்டுக்குத் திரும்பி ஒரு வருடம் ஆகப்போகிறது. அவர் கிழமையில் இரண்டு நாள் முதியோர் நிலையத்துக்குப் போய், அவர்களின் பயணங்களுக்கு அட்டவணை போட்டுக் கொடுக்கிறார். அவர் பெயரை அங்கே சரியாக எழுதுகிறார்களா என்று நான் கேட்கவில்லை. போன கிழமை பெரிய மழை. நான் ஒரு அறையில், அவர் ஒரு அறையில், இரண்டு கதவும் பூட்டியிருந்தது. சாப்பிடக் கூப்பிட அவருக்குப் போன் எடுத்தேன். அவர் போனை எடுக்கவில்லை. எழும்பிப் போய்க் கதவைத் தட்ட வேண்டியதாகிவிட்டது.