இரண்டு பக்கமும் கூர்

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்று மணி. கச்சா எண்ணெய் விலை ஏறிவிட்டதாக வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியில் அழுதார். "எஜிரோ அம்மா, உங்க வீட்டுக்காரர் பெட்ரோல் வரிசையில உக்காந்தபடியே போயிட்டாரு. கேனைப் பத்திக் கவலைப்படாதீங்க, இடத்தைப் பிடிச்சு வெச்சிருக்கோம்."

என் கணவர் ஓகாலே, எங்கள் சபேலே ஊரில் மூங்கிலைச் சீவிப் பல்குத்தும் குச்சி செய்தவர். எங்கள் டெல்டா மண்ணின் எண்ணெய் கப்பலேறிப் போகும். அந்தக் காசில் பெட்ரோல் முதல் பல்குச்சி வரை எல்லாம் கப்பலில் வந்து இறங்கும். "வாசல்ல மூங்கில் நிக்குது, பல்லிடுக்குக்குச் சீனாவா?" என்று கேட்டுத்தான் அவர் தொழிலைத் தொடங்கினார். சீவும் இயந்திரம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. பெட்டியின் மேலேயே எழுதியிருந்தது.

எண்ணெய் விலை ஏறினால் டாலர் கொட்டும், கப்பல் சரக்கு மலிந்துவிடும், அவர் குச்சியைச் சீந்த ஆளிருக்காது. விலை சரிந்து ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்தால், இவர் மட்டும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கள் வாங்கித் தருவார்.

"சிரிக்காதீங்க எஜிரோ அப்பா, அடிக்க வருவாங்க."

"நான் என்ன செய்யட்டும்? நாடு அழுதாத்தான் என் குச்சி விக்குது."

எண்ணெய் விலை ஏறிய காலத்திலும் எங்கள் தெருவில் தெகா என்பவள் நடத்தும் மிளகு சூப்புக் கடை மேசையில் தன் குச்சி இருக்க வேண்டும். அவருக்கு இருந்தது அந்த ஒரே ஆசை. தெகா மசியவில்லை. "அண்ணே, உன் குச்சி பல்லுக்குள்ள ஒடிஞ்சு குடித்தனம் பண்ணுது. சீனாக்காரன் குச்சிக்கு ரெண்டு பக்கமும் கூர் இருக்கு, தெரியுமா?"

அன்று முதல் அவரும் இரண்டு முனையையும் சீவினார். இயந்திரம் இருமடங்கு பெட்ரோல் குடித்தது. அதனால்தான் அந்த வரிசை.

மறுநாள் தெகா வந்தாள். அடக்கத்துக்கு வருகிறவர்களுக்கு இறந்தவர் படம் ஒட்டிய பிளாஸ்டிக் கிண்ணம் கொடுப்பது எங்கள் வழக்கம். அதுவும் கப்பலில் வருவதுதான்.

"கிண்ணம் குடுத்தா அண்ணன் எழுந்து வந்து திட்டுவாரு. குச்சி டப்பாவுல படத்தை ஒட்டு. என் கடைக்கும் இனிமே அதே குச்சிதான், விலை ஏறினாலும் எறங்கினாலும்." வாசல் வரை போய்த் திரும்பினாள். "ரெண்டு பக்கமும் கூர் இருக்கணும்."

கேன் நிரம்பி வீடு வந்தது. நானே இயந்திரத்தை ஓட்டிக் குச்சி சீவினேன். டப்பாக்களில் படம் ஒட்டிவிட்டேன். படத்தில் சிரிக்கிறார், எண்ணெய் விலை விழுந்த வருஷம் எடுத்தது. நாளை அடக்கம். கேன் தீர்ந்துவிட்டது. கடைசிக் கட்டுக் குச்சிகளில் ஒரு முனைதான் சீவியிருக்கிறது.